சுமையோடு சும்மா நிற்பது

எங்கள் சுமட்டுத் தொழிலாளர் சங்கக் கிளை ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்கள். பனச்சமூட்டில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் அதற்காக என்னைத் தேடி வந்தார்கள். பின்பக்கப் பலகை தானே இறங்கி மூட்டையைத் தரையில் வைத்துவிடுகிற லாரி ஒன்று சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கிறதாம். தலையில் சுமந்த கதையை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்றார்கள்.

"எழுதலாம் மக்கா. ஆனா அழுது வடியுத கதை எனக்க கையில கிடையாது" என்றேன்.

"அது வேண்டாம் அண்ணே. வயசான பொறவு நீங்க இரும்பு தூக்கப் போனியளே, அத எழுதுங்க."

இதைக் கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தவன் நான். வந்தவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

சுமட்டுக்காரன் எந்தச் சுமையையும் ஒற்றைக்குத் தூக்க மாட்டான். இரண்டு பேர் மூட்டையின் இரு பக்கமும் பிடித்து உயர்த்துவார்கள். மூன்றாமவன் சும்மாடு வைத்த தலையை அதன் அடியில் கொண்டுபோய்க் கொடுப்பான். சுமை அமர்ந்ததும் கால் தானாக நடக்கத் தொடங்கிவிடும், ஏனென்றால் நின்றால் கனம் ஏறும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, கழுத்தும் காலும் தாமே படித்துக்கொண்டன. மீசை முளைத்த கையோடு இந்த வேலைக்கு வந்து, அம்பூரி ரப்பர் ஷீட், வாட்டுக் கப்பைக்கிழங்கு, மிளகு, அரிசி என்று பாதி ஆயுசைத் தலையில் சுமந்தேன். மிச்சம் பாதியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் கூட்டத்துக்கு கன்வீனர் கிறிஸ்துதாஸ் அண்ணன். எங்களுக்கு தாஸ் அண்ணன். கறுத்து மெலிந்த மனிதர், தொண்டை மட்டும் ஆலைச் சங்கு. லாரி வந்து நின்றதும் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எங்கள் கழுத்துகளை வரிசையாகப் பார்ப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். எவன் கழுத்து நேற்றைய சுமையில் பிடித்திருக்கிறது, எவன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குக் கழுத்திலேயே தெரிந்துவிடும். "நீ ஷீட்டுக்குப் போ. நீ அரிசிக்கு. நீ வீட்டுக்குப் போடே" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அப்போது பாறசாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டி வந்து இறங்கினால் சந்தையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். பெட்டியை இறக்குவது எங்கள் உரிமை, உள்ளே என்ன இருக்கும் என்று பந்தயம் கட்டுவது எங்கள் பொழுதுபோக்கு. ஒரு நாள் காலையில் பார்சல் லாரியில், பெரிய வீட்டு நீலகண்டன் குவைத்திலிருந்து கப்பலில் போட்ட சாமான் வந்தது. நீளமாகச் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று, கூடவே ஆரஞ்சுப் பழப்பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான்.

பெரிய வீடு என்றால் எங்கள் பகுதியில் முக்கால்வாசி வயல் வைத்திருந்த சைவப் பிள்ளைமார் வீடு. அவர்கள் நிலத்தில் குடிசை போட்டுக் குடிகிடந்தவர் என் அப்பா. நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது நாங்கள் குடியிருந்த குடிசையும் சுற்றியுள்ள பத்து சென்ட்டும் எங்களுக்கு ஆனது. அவர்களுடைய வயலும் நாலு பேருக்குப் பிரிந்து போனது. சர்க்கார் ஆபீசில் உட்கார வேண்டிய பையன் என்று ஊரே சொன்ன நீலகண்டன் அதற்குப் பிறகுதான் குவைத்துக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு விளையாட்டுக் கிளப்பில் சாமான் அறைக்குப் பொறுப்பாளராக இருந்தார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி.

"சின்னப் பெட்டி. தங்கமாத்தான் இருக்கும்" என்றான் ஒருவன்.

கண்ணால் பார்த்தே கனம் சொல்கிறவர்கள் நாங்கள். அந்த அகங்காரம்தான் என்னைக் கவிழ்த்தது. இத்தனூண்டு பெட்டிக்கு இரண்டு ஆள் எதற்கு என்று, லாரியின் விளிம்பில் இருந்த அந்தப் பெட்டியை நான் ஒற்றைக்கு இழுத்துத் தலையில் ஏற்றப் பார்த்தேன். பெட்டி வந்தது. கூடவே என் நடுவும், அதாவது இடுப்புக்கு மேலே முதுகும், ஏதோ சொல்லிவிட்டுப் போனது. நான் சாலையில் கையும் காலும் ஊன்றிக் கிடக்க, பெட்டி பக்கத்தில் விழுந்து உடைந்து, உள்ளேயிருந்து வட்ட வட்டமாக இரும்பு உருண்டது. அதில் ஒன்று டீக்கடை வரைக்கும் போய் நின்றது.

பெட்டியைப் பார்க்க வந்திருந்த நீலகண்டனின் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "மத்தவங்க பிள்ளையள் டேப்ரிக்கார்டர் கொண்டு வருது, டீவி கொண்டு வருது. எனக்க பிள்ள இரும்புக்கடை கொண்டு வந்திருக்கே!"

நடுவு பிடித்துக் கிடந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் இன்னும் வலித்தது.

எண்ணெயும் கிழி ஒத்தடமுமாக நான் எழுந்து நடக்கச் சில மாதம் ஆனது. சந்தைக்குத் திரும்பினேன். தாஸ் அண்ணன் பீடியைப் பற்றவைத்து என் கழுத்தைப் பார்க்கவேயில்லை. என் இடுப்பைப் பார்த்தார். "தங்கையா, நீ இனி சாக்கு தைச்சாப் போரும். சுமடு வேண்டாம்" என்றார்.

கிழிந்த சாக்கைக் கோணியூசியால் தைக்கிற வேலை. சுமக்க முடியாத கிழவர்களுக்குக் கொடுப்பது. கூலி குறைவு என்பது இருக்கட்டும், லோடு முடிந்து கூட்டம் முழுக்க வேர்வையோடு டீக்கடைக்குப் போகும்போது என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, அவர்களுக்கு ஞாபகம் வராது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சாக்கு மறைவில் உட்கார்ந்து ஒரு நாள் நன்றாக அழுதேன். திரும்பவும் சுமையோடு லாரிக்குச் சாய்த்த அந்தப் பலகையில் ஏற வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

அந்த வாரத்தில்தான், குவைத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்த நீலகண்டன் எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார். என்னைவிட எட்டு வயது இளையவர். "உள்ள வரலாமா?" என்று கேட்டார். அவருடைய தாத்தாவின் பெயரில் இருந்த மண். அவர்கள் வீட்டு முற்றத்து ஓரத்தில் என் அப்பா நின்று பேசியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நான் எழுந்து நின்றுவிட்டேன். என் மனைவி ஞானம்தான் ஒரு தேங்காய்க் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, "வாருங்க, இருங்க" என்றாள்.

"எனக்க இரும்பாலத்தான் ஒங்களுக்கு நடுவு போச்சு. அதே இரும்பால சரியாக்கித் தாறேன்" என்றார் அவர். "வீட்டுல இரும்பு போட்டா மச்சு ஆடுதுன்னு அம்மை விடமாட்டேங்குது. இஞ்ச ரெண்டு அயனிமரப் பலகை போட இடம் தருவியளா?"

இப்படித்தான் எங்கள் பத்து சென்ட்டில் கப்பை நட்டிருந்த இடத்துக்கு, சாக்கில் சுற்றி வந்த கம்பியும் உருண்டுபோன இரும்புத் தட்டுகளும் வந்து சேர, பளுதூக்கும் ஒலிம்பிக் மேடை உருவானது. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இரண்டு நாள் குழம்பினேன். அப்பா வீட்டு வழக்கப்படி ஏமான் என்று சொல்ல வாய் வரவில்லை, தம்பி என்று சொல்ல தைரியம் வரவில்லை. கடைசியில் ஆசான் என்றேன். எங்கள் ஊரில் வர்மமும் சிலம்பமும் சொல்லித் தருகிறவருக்கு அந்தப் பெயர் உண்டு. அவர் வெட்கப்பட்டார், ஆனால் திரும்பிப் பார்த்தார். அத்தோடு அது நிலைத்துவிட்டது.

ஆசான் சத்தம் போட மாட்டார். குவைத் கிளப்பில் ஒரு எகிப்துக்காரரிடம் பாடம் படித்தவர், அவருடைய சொல்லும் கூடவே வந்திருந்தது. மெல்ல என்பதற்கு "ஷ்வை ஷ்வை", போதும் என்பதற்கு "கலாஸ்". நான் தப்பாகத் தூக்கினால் என்னைப் பார்க்காமல் தென்னையின் மண்டையைப் பார்ப்பார். சரியாகத் தூக்கினால் "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

முதல் சில மாதம் இரும்பையே தொடவிடவில்லை. கையில் ஒரு மூங்கில் கம்பு. கம்பு காலோடு உரசி வர வேண்டும், முதுகு பலகை மாதிரி நிற்க வேண்டும், கையால் இழுக்கக்கூடாது, காலால் தரையைத் தள்ள வேண்டும். பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களை அதன்மேல் போட்டுப் பிடிக்கச் சொன்னார். அந்த வலியில் நான் கெட்ட வார்த்தை சொல்ல, அவர் தென்னையைப் பார்த்தார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசந்துபோனார். கம்பைத் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்தபடி குதிகால் தரையில் படியக் கீழே உட்காரச் சொன்னதும் நான் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டேன்.

"குவைத்துல இருபது வயசுப் பிள்ளையளுக்கு இது வராது" என்றார்.

"வீட்டுல நாற்காலி இல்லாததால வந்த பாக்கியமாக்கும்" என்றாள் ஞானம்.

இரும்பு வந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள்தான் கனம். மற்ற நாள் கம்பு, அல்லது வெறும் தூக்கம். "வயசானவனுக்கு இரும்பு பலம் தராது, ஒறக்கமாக்கும் பலம் தரும்" என்பது ஆசானின் கணக்கு. கனத்தையும் திடீரென்று ஏற்ற மாட்டார். நெய்யாற்றின்கரையில் ஒரு லேத் பட்டறையில் தோசை கனத்தில் சின்னச் சின்னத் தட்டு கடைந்து வாங்கி வந்து, எனக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். இளவயதுக்காரனுக்கு அவசரம் பிடித்தால் ஒரு வாரம் வலிக்கும், நமக்கு ஒரு வருஷம் போய்விடும். இதை நான் இன்றைக்கும் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். முதுகின் இரு பக்கமும் கயிறு மாதிரி தசை எழுந்தது. நடுவலி எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் இரண்டு வியாதி விடவில்லை. முதலாவது, தலை. இரும்பு மேலே போனதும் என் தலை அதன் அடியில் போய் உட்காரும். ஒரு நாள் கையை மடக்கிக் கம்பியை அப்படியே உச்சந்தலையில் இறக்கிக்கொண்டேன். சும்மாடு இல்லாத மண்டையில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்தது. ஞானம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "சுமந்தது போராதா? இனி முட்டவும் செய்யணுமா?" என்றாள். அந்த வியாதியை வலியே குணப்படுத்தியது.

இரண்டாவது, கால். ஜெர்க் என்று ஒன்று உண்டு. தோளில் வந்து அமர்ந்த கம்பியைக் காலால் உந்தி, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பாய்ந்து, கை நிமிர்ந்து பிடிப்பது. பிறகு முன்காலைப் பாதி பின்னால் வாங்கி, பின்காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் "டவுன்" சொல்லும் வரை நிற்க வேண்டும். என் பின்கால் முன்னால் வரும். வந்த கால் நிற்காது. நான் இரும்போடு நடந்துபோய்விடுவேன். பலகையை விட்டு இறங்கி, கோழிக்கூட்டைத் தாண்டி, ஒருமுறை வேலி வரைக்கும் போயிருக்கிறேன்.

"எங்க போறிய? கடைக்கா?" என்று ஞானம் அடுக்களையிலிருந்து கேட்பாள். ஆசான் பின்னாலேயே "ஷ்வை ஷ்வை" என்று ஓடி வருவார். கோழிகளைத் துரத்த ஞானமும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் அரபு தெரிந்த கோழிகள் எங்களிடம் மட்டும்தான் இருந்தன.

இரண்டு வருஷம் ஆகப்போகும்போது தாஸ் அண்ணனிடம் போய் நின்றேன். நடுவு சரியாகிவிட்டது, சுமடு தாருங்கள் என்றேன்.

"முடியாதுடே. நடுவு போனவன் தலையில மூட்டைய வச்சு, நீ நாளைக்கு பலகையில விழுந்தா ஞானத்துக்கு ஆரு பதில் சொல்லுவா?"

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அது தெரிந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மூத்தோருக்கான பளுதூக்கும் போட்டி நடக்கப்போகிறது, ஆசான் என் பேரைக் கொடுத்திருக்கிறார் என்றேன். தாஸ் அண்ணன் பீடியைக் கீழே போட்டார்.

"அப்பம் ஒண்ணு செய்யி. ஒரு சாக்கு அரிசிக்க கனம், எழுபத்தஞ்சு கிலோ. கைபிடிக்க ஆளில்லாம, நடுவர் ஒத்துக்கிடுதது மாதிரி ஒத்தைக்குத் தலைக்கு மேல தூக்கிக் காட்டு. நான் வந்து பாக்கேன். பாத்தா மறுநாள் நீ பலகையில. இல்லேன்னா சாக்கும் ஊசியும்தான், பொறவு கேக்கப்படாது."

போட்டி நாளில் ஒரு ஜீப் நிறைய எங்கள் கூட்டம் வந்து இறங்கியது. ஆசான் குவைத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு உடையை எனக்கு மாட்டிவிட்டார். உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற உடுப்பு. அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். "நல்ல வேளை, நம்ம பிள்ளைக்கு முந்தியே கல்யாணம் முடிஞ்சுது" என்று ஞானம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் ஸ்னாட்ச். தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல். அதில் கால் முன்பின் பாய்வதில்லை என்பதால் என் கால்களுக்கு நடக்கும் ஞாபகமும் வராது. மூன்று முறையும் வெள்ளைக் கொடி. ஆசானிடமிருந்து மூன்று "ம்".

அடுத்தது க்ளீன் அண்ட் ஜெர்க். எழுபத்தைந்து கிலோ ஏற்றினார்கள். தோளுக்கு வந்தது, தலைக்கு மேல் போனது, இறகு மாதிரி போனது. பின்கால் முன்னால் வந்தது. நான் மூன்று நடுவர்களுக்கும் நடுவே நடந்துபோய் மேடையை விட்டு இறங்கினேன். ஹால் முழுக்கச் சிரித்தது. சிவப்புக் கொடி.

இரண்டாவது முறையும் அதேதான். இந்தத் தடவை தலைமை நடுவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பலம் இருக்கிறது, முறை தெரிகிறது. நிற்க மட்டும் தெரியவில்லை. இனி வாழ்நாள் முழுக்கச் சாக்கும் ஊசியும்தான்.

ஆசான் பக்கத்தில் வந்து பிடி வழுக்காமலிருக்க என் கையில் மாவைத் தேய்த்துவிட்டார். "ஷ்வை ஷ்வை, அண்ணே" என்றார். அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. பெரிய வீட்டிலிருந்து அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்கு வருவதற்கு ஒரு சட்டம் போதாமல் ஒரு இரும்பும் வேண்டியிருந்தது.

மூன்றாம் முறை குனிந்து பிடித்தேன். தரையைத் தள்ளினேன். தோளில் அமர்ந்தது. மூச்சைப் பிடித்து உந்தினேன், கை நிமிர்ந்தது. முன்காலைப் பாதி வாங்கினேன். பின்கால் முன்னால் வந்தது. வந்த கால் தரையை விட்டு மீண்டும் எழும்பியதை நானே உணர்ந்தேன்.

"பலகை!"

ஹாலின் பின்வரிசையிலிருந்து ஆலைச் சங்கு ஊதியது. தாஸ் அண்ணன்.

இது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் எங்கள் லாரிப் பலகையைத் தெரிந்திருக்க வேண்டும். லாரிக்குள் ஏறச் சாய்த்துப் போட்ட பலகையில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் ஏறலாம், இரண்டு பேர் ஏறினால் பலகை ஒடிந்து இருவரும் கீழே. மேலே ஆள் இருக்கும்போது கன்வீனர் "பலகை!" என்று ஒரு சத்தம் போடுவார். தலையில் எந்தச் சுமை இருந்தாலும் அடுத்தவன் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். யோசித்து நிற்பதல்ல. அந்தச் சத்தத்துக்கு எங்கள் கால் ஆணியடித்துக்கொள்ளும்.

எழும்பிய கால் இருந்த இடத்திலேயே இறங்கியது. நின்றேன். இரும்பு மேலே அசையாமல் நின்றது. கை நிமிர்ந்திருக்கிறது, இரு பாதமும் ஒரே வரிசை, முழு ஹாலும் எனக்குத் தெரிகிறது. சுமையோடு சும்மா நின்றால் உலகம் இவ்வளவு அழகாகத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவர் கையை இறக்கி "டவுன்" என்றதைக் கேட்காமல் நின்றிருக்கிறேன். அவர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் கீழே போட்டேன். மூன்று வெள்ளைக் கொடியும் உயர்ந்திருந்தன. ஆசான் "கலாஸ்! கலாஸ்!" என்று கத்திக்கொண்டு மேடைக்கே ஓடி வந்துவிட்டார். ஞானம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, எனக்கும்தான்.

ஜீப்பில் திரும்பும்போது எல்லோரும் பாட்டு. தாஸ் அண்ணன் மட்டும் பீடி குடித்துக்கொண்டு வந்தார். நான் மனசு ஆறாமல் கேட்டேன்: "அண்ணே, நான் தோத்தா நல்லதுன்னுதானே நெனச்சிய? பொறவு என்னத்துக்குச் சத்தம் போட்டிய?"

"நான் எங்க போட்டேன்? சொமடோட ஒருத்தன் தப்பா காலெடுத்தா எனக்க வாயி தானே போடும்" என்றார்.

மறுநாள் காலை சந்தைக்குப் போனேன். அரிசி லோடு. தாஸ் அண்ணன் வரிசையாகக் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து கழுத்தைப் பார்த்தார். "அரிசிக்குப் போ" என்றார். இரண்டு பேர் பிடித்து உயர்த்தினார்கள். சும்மாடு வைத்த தலையைக் கொடுத்தேன். சாக்கு அமர்ந்தது.

நான் நடக்கவில்லை. முதுகு நிமிர்த்தி, இரு பாதமும் ஒரே வரிசையாக வைத்து, எங்கிருந்தோ "டவுன்" என்று ஒரு குரல் வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். பின்னால் மூட்டையோடு வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், பிறகு வரிசையே மூட்டைகளோடு குலுங்கியது.

"எலே தங்கையா!" என்றது ஆலைச் சங்கு. "என்னடே நட்டு வச்சது மாதிரி நிக்கே? பலகை ஒனக்காக்கும் காலியா கிடக்கு. ஏறு மக்கா."

ஏறினேன்.